மயக்க மருந்தும் மழலையர் பற்களும்

மாவட்டத் தலைநகரங்களிலுள்ள அரசினர் பல் மருத்துவப் பகுதிகளில், மூன்று அல்லது நான்கு வயதுக் குழந்தையை இடுப்பில் ஏந்தி வரிசையில் நிற்கும் தாய்மாரை நாள்தோறும் காணலாம். குழந்தையின் கன்னம் வீங்கியிருக்கும். முதல்நாள் இரவு அவ்வீட்டில் ஒருவரும் உறங்கியிருக்கமாட்டார். வாயைத் திறக்கச் சொன்னால் குழந்தை அலறும். இருவர் பிடித்துக்கொள்ள, மருத்துவர் ஒரு நொடி உட்புறம் நோக்கும்போது, மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறளவிற்குக் கரைந்து கறுத்திருப்பதும், கடைவாய்ப் பற்களில் ஐந்தாறு குழிந்திருப்பதும் தெரியவரும். ஒரு பல்லில் மட்டும் கேடு இருப்பின், அவ்விடத்தை மரக்கச் செய்யும் ஊசியைப் போட்டு, பேச்சுக் கொடுத்தவாறே வேலையை முடித்துவிடலாம். பத்துப் பற்களுக்குச் சிகிச்சை வேண்டும் குழந்தையை ஆறேழு முறை நாற்காலியில் அமர்த்தி, ஒவ்வொரு முறையும் ஊசி போடுவது நடவாத செயல். ஆகவே மயக்க மருந்து கொடுத்து, எல்லாப் பற்களையும் ஒரே வேளையில் செப்பனிடுவது என்ற முடிவிற்கு மருத்துவர் வருகின்றார்.

இம்முடிவைக் கேட்ட பெற்றோரிடம் இருவகை எண்ணங்கள் எழுகின்றன. ஒரு பல்லுக்காக மயக்க மருந்தா, குழந்தை விழித்தெழுமா என்ற அச்சம் ஒன்று. அந்த ஒரு நாள் கழிந்துவிட்டால் பல்லின் தொல்லை அடியோடு தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை மற்றொன்று. அச்சம் பெரும்பாலும் தேவைக்கு மேற்பட்டது. நம்பிக்கை பெரும்பாலும் தவறானது. இரண்டையும் திருத்த வேண்டியவர், மருத்துவமனையில் அரைமணி நேரம் மட்டுமே காணக்கூடிய மருத்துவரைவிட, அக்குடும்பத்தை ஆண்டு முழுவதும் அறிந்த அங்கன்வாடி ஊழியரும், ஆஷா பணியாளரும், கிராமச் செவிலியரும், பள்ளி ஆசிரியருமே ஆவர்.

இந்தியப் பல் மருத்துவக் குழு 2002-03இல் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பில், 5 வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 52 பேருக்கும், 12 வயதினரில் ஏறத்தாழ 54 பேருக்கும் பற்சொத்தை இருந்ததாகத் தெரிந்தது. இது செல்வர் நாடுகளில் ஒழிந்துவிட்ட நோயும் அன்று. இங்கிலாந்தில் 5 முதல் 9 வயது வரையுள்ள சிறுவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்குரிய காரணங்களில் பற்சொத்தையே முதலிடம் பெற்று வந்துள்ளது. அவர்களுள் மிகப் பலர் மயக்க மருந்தின் துணையுடன் பல் பிடுங்கப்படுவதற்காகவே சேர்க்கப்படுகின்றனர்.

பால் பல் விரைவில் கெடுவதேன்?

பால் பற்கள் இருபது. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் கீழ்த்தாடையில் முளைக்கத் தொடங்கி, மூன்று வயது நிரம்புவதற்குள் எல்லாம் வந்துவிடும். இவற்றின் மேற்பூச்சாகிய எனாமல், நிலைப் பல்லின் எனாமலில் ஏறத்தாழப் பாதி கனமே உடையது. உள்ளே நரம்பும் குருதிக் குழாய்களும் அடங்கிய பற்கூழோ, பல்லின் அளவை நோக்க மிகப் பெரியது. ஆதலால் மேலே ஊசிமுனையளவு தோன்றிய குழி, சில மாதங்களுக்குள் கூழை எட்டிவிடுகின்றது. வயது வந்தோரிடம் இதே அழிவு நிகழ ஆண்டுகள் பல ஆகும்.

பல்லின் மேல் படியும் படலத்தில் வாழும் கிருமிகள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. இனிப்புண்ட சில நிமிடங்களுக்குள் அப்படலத்தின் அமிலத்தன்மை மிகுந்து, பி.எச். எண் 5.5க்குக் கீழே இறங்குகின்றது. அந்நிலையில் எனாமலிலிருந்து சுண்ணச் சத்துக் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அமிலத்தை நடுநிலைக்குக் கொண்டுவர அரைமணி முதல் ஒருமணி நேரம் பிடிக்கும். ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1940களில் இவ்வேற்ற இறக்கத்தை அளந்து காட்டினார். இதிலிருந்து பெறப்படும் உண்மை யாதெனில், ஒரு நாளில் குழந்தை எவ்வளவு இனிப்பு உண்டது என்பதினும், எத்தனை முறை உண்டது என்பதே பெரிதாகும். விருந்தன்று உணவுடன் ஒரு லட்டு முழுவதையும் தின்று முடித்த குழந்தையைவிட, காலை முதல் மாலை வரை இரண்டு பிஸ்கோத்தை மணிக்கு ஒரு கடியாகத் தின்னும் குழந்தையின் பல்லுக்கே ஆபத்து மிகுதி.

உறக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு மிகக் குறைந்துவிடுகின்றது. சர்க்கரை கலந்த பாற்புட்டியை வாயில் வைத்துக்கொண்டே உறங்கும் குழந்தைக்கு இரவு முழுவதும் அமிலக் குளியல்தான். அவ்வாறு கெட்ட வாயில் மேல் முன்பற்கள் அழிந்திருக்க, கீழ் முன்பற்கள் மட்டும் வெண்மையாகவே நிற்பதைக் காணலாம். பால் அருந்தும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்வதும், நாவடிச் சுரப்பிகளின் உமிழ்நீர் அவ்விடத்தே பாய்வதுமே இதற்குக் காரணம். இக்குறியைக் கண்ட பணியாளர், இரவுப் புட்டியைப் பற்றித் தாயிடம் உடனே கேட்கலாம். தேன் தடவிய சூப்பான், இருமலுக்கு நாள்தோறும் தரும் இனிப்புப் பாகு மருந்து ஆகியனவும் அதே தீங்கைச் செய்வனவே.

இங்கே ஒரு பொய்த்தோற்றத்தையும் குறிப்பிட வேண்டும். இரும்புச் சத்துத் திரவம் பெறும் குழந்தைகளின் பற்களில் கருமை படிவதுண்டு. இதனைச் சொத்தையென அஞ்சித் தாய்மார் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். இது மேற்கறையே; பல் மருத்துவர் தேய்த்து நீக்கிவிடக்கூடியது. கருமை இருந்தும் பல்லின் வழவழப்புக் குறையாது குழியின்றி இருப்பின் அது கறை. குழியும் சொரசொரப்பும் உண்டாயின் அது சொத்தை. இரத்த சோகையுள்ள குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதே கடினமாதலின், அந்த இரும்பு மருந்தை நிறுத்துவது இருவகையிலும் நட்டமாகும்.

“விழப்போகும் பல்தானே” என்ற சொல் நாட்டின் எல்லா மொழிகளிலும் வழங்குகின்றது. பால் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. நான்கு வயதில் அவற்றின் வேரில் சீழ் கட்டினால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப் பல்லின் எனாமலும் பழுதுபடக்கூடும். முன்னதாகவே பிடுங்க நேரிட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, பின்வரும் பல்லுக்குரிய இடத்தை அடைத்துக்கொள்ளும். இவற்றினும் கொடியது குழந்தை படும் அன்றாடத் துன்பம். கடிக்க இயலாமல் உணவைத் தள்ளும், இரவில் விழித்தழும், எடை ஏறாது. வகுப்பில் எப்போதும் ஒரு பக்கக் கன்னத்தைக் கையில் தாங்கியிருக்கும் சிறுவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளும் முன்னர், ஆசிரியர் அவன் வாயை ஒருமுறை பார்ப்பது நலம்.

பல் மருத்துவர் கண்ட மயக்கம்

மயக்க மருந்தின் வரலாறே பல் மருத்துவரிடமிருந்து தொடங்குகின்றது. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடைத் தாமே உட்கொண்டு, தம் பல்லையே நோவின்றிப் பிடுங்குவித்துக்கொண்டார். மறுமாதம் பாஸ்டன் நகரில் மாணவர் முன் அவர் நடத்திக்காட்டிய சோதனை தோல்வியுற்று நகைப்பிற்கிடமாயிற்று. வில்லியம் மார்ட்டன் என்ற மற்றொரு பல் மருத்துவர் 1846 அக்டோபர் 16இல் அதே நகரின் பெரிய மருத்துவமனையில் ஈத்தரைக் கொண்டு வெற்றி கண்டார். அடுத்த ஆண்டிலேயே கல்கத்தாவில் ஈத்தர் பயன்படுத்தப்பட்டது. பின்னர் வந்த குளோரோபாரம், 1848 ஜனவரியில் இங்கிலாந்தில், கால் நகம் ஒன்றை நீக்குவதற்காக மயக்கப்பட்ட 15 வயதுப் பெண் ஒருத்தியின் உயிரைக் கொண்டது. குளோரோபாரம் கொல்வது மூச்சை அடக்கியா, இதயத்தை நிறுத்தியா என்ற வினா எழுந்தது. நிஜாமின் பொருளுதவியுடன் 1888லும் 1889லும் ஐதராபாதில் இருமுறை குழு அமைத்து ஆராய்ந்தனர். மூச்சே காரணம் என்று அவர்கள் கூறிய முடிவு பிற்காலத்தில் நிலைபெறவில்லை. ஆயினும், மயக்கத்திலுள்ளவரின் மூச்சினின்று கண்ணை எடுக்கலாகாது என்று அவர்கள் வற்புறுத்திய பாடம் இன்றளவும் நிலைத்துள்ளது.

அன்றைய குளோரோபாரத்தை நினைத்து இன்றைய மயக்க மருந்திற்கு அஞ்சுவோர் உண்டு. இன்று குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுவது செவோபுளூரேன் என்ற ஆவி. குருதியில் பிராணவாயு எவ்வளவு உள்ளது, வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு எவ்வளவு உள்ளது என்பவற்றைக் கருவிகள் நொடிக்கு நொடி காட்டுகின்றன. நல்ல உடல்நிலையிலுள்ள குழந்தைக்கு, பயிற்சி பெற்ற மயக்க மருந்து வல்லுநர் தக்க கருவிகளுடன் மருந்து கொடுக்கும்போது பெருந்தீங்கு நேர்வது மிக அரிது. அந்தத் தகுதிகளில் ஒன்று குறைந்தாலும் கணக்கு மாறிவிடும். பல் மருத்துவரின் சிறு அறையில் மயக்க மருந்து கொடுப்பதை இங்கிலாந்து 2001ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தி, மருத்துவமனைகளில் மட்டுமே கொடுக்கலாம் என வரையறுத்தது இதனாலேயே. நம் நாட்டிலும், அவசரச் சிகிச்சைக்கு வசதியுள்ள மருத்துவமனையா, மயக்க மருந்து வல்லுநர் தனியே இருக்கிறாரா என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை.

மூளையைப் பற்றிய ஐயமும் எழுந்ததுண்டு. மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்திற்கு மேலோ, பலமுறையோ மயக்க மருந்து கொடுப்பதில் எச்சரிக்கை வேண்டும் என 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து ஆட்சியகம் அறிவித்தது. பல நாட்டு மருத்துவமனைகள் கூடி நடத்திய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2019இல் வெளியாயிற்று. கைக்குழந்தைப் பருவத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குட்பட்டு ஒருமுறை மயக்கப்பட்ட குழந்தைகள், ஐந்து வயதில் அறிவு வளர்ச்சியில் குறைவெய்தியிருக்கவில்லை என்று அது காட்டிற்று. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின், தேவைப்படும்போது ஒருமுறை கொடுப்பதற்குத் தயங்க வேண்டுவதில்லை. இரண்டாம் முறை தேவைப்படாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது தெளிவு.

காத்திருக்கும் காலம்

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அறுவைக்கூடம் பல பிரிவுகளுக்கும் பொதுவானது. குழந்தையின் பெயர் பட்டியலில் ஏறிய பின் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ காத்திருக்க நேரிடலாம். இக்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் பல் துலக்குவதே நின்றுவிடுகின்றது. தொட்டால் வலிக்கிறது, இரத்தம் வருகிறது, எப்படியும் பிடுங்கத்தானே போகிறார்கள் என்பன அவர்கள் கூறும் காரணங்கள். இத்தவற்றின் விளைவை மருத்துவர் அறுவை மேசையில் காண்கின்றார். அழுக்குப் படிந்து வீங்கிய ஈறு, தொட்டவுடன் குருதி கசியும். ஈரத்தில் அடைப்புப் பொருள் ஒட்டாது. காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லும் அதனால் பிடுங்கப்படும். இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கிய வாயில் ஈறு இறுகி, வேலை விரைவாக முடிந்து, குழந்தை மயக்கத்தில் இருக்கும் நேரமும் குறையும்.

ஆகவே மென்மையான தூரிகையால் காலையும், இரவு உறங்கும் முன்பும் பல் துலக்கப்பட வேண்டும். துலக்குபவர் பெரியவரே ஆதல் வேண்டும். ஏழெட்டு வயது வரையில் குழந்தையின் கை இவ்வேலைக்குப் பழகியிராது. புளோரைடு ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு கலந்த பற்பசையை, மூன்று வயதிற்குட்பட்டோர்க்கு ஓர் அரிசியளவும், மூன்று முதல் ஆறு வயதினர்க்குப் பட்டாணியளவும் எடுத்தால் போதும். தூரிகை முழுவதும் நீளமாகப் பிதுக்குவது விளம்பரப் படங்களுக்கு மட்டுமே உரியது. துலக்கியபின் துப்பினால் போதும். நிறைய நீரால் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய புளோரைடும் போய்விடும். செங்கல் தூளும் கரியும் எனாமலைத் தேய்ப்பன. புகையிலை கலந்த பற்பொடி நம் நாட்டில் 1992இலேயே தடை செய்யப்பட்டது; எனினும் சில மாநிலங்களில் புகையிலைப் பொடியால் பல் துலக்கும் வழக்கம் மறையவில்லை. அதனைக் குழந்தையின் வாயில் வைக்க எக்காரணங்கொண்டும் இடந்தரலாகாது.

குடிநீரில் புளோரைடு மிகுந்த பகுதிகளில் பணிபுரிவோர் ஒன்றைக் கருத வேண்டும். பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் 1937இல் விவரிக்கப்பட்ட எலும்பு, பல் கோளாறு இந்நீரால் வருவதே. நல்கொண்டா போன்ற மாவட்டங்களிலும் இது பரவலாக உள்ளது. அங்கே புளோரைடு கொண்ட மாத்திரையோ கொப்பளிப்பு நீரோ பள்ளியில் தொடங்குதல் கூடாது. மருத்துவரின் கருத்தின்படியே நடத்தல் வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் சொத்தையின் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்தவும் வழியுண்டு. சில்வர் டயமைன் புளோரைடு என்ற திரவத்தை ஒரு சிறு தூரிகையால் குழியில் தடவினால், வெள்ளி கிருமிகளைக் கொல்லும். புளோரைடு மிஞ்சிய பல்லை இறுகச் செய்யும். ஊசியும் இல்லை, துளைகருவியும் இல்லை. சொத்தையுற்ற இடம் நிலையாகக் கறுத்துவிடுவதே இதன் குறை. இதனை முன்கூட்டியே பெற்றோரிடம் கூறி இசைவு பெறாவிடில், மருந்தால் பல் கெட்டது என்ற பழி வரும். 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இதனைச் சேர்த்துக்கொண்டது. கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிக் கண்ணாடி அயனோமர் சிமிட்டியால் அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில் தோன்றியது. மின்சாரம் வேண்டாத இம்முறை நம் கிராமங்களுக்கு மிகவும் ஏற்றது. பல்லைச் செதுக்காமலே எஃகு மூடியைப் பொருத்தும் முறை ஸ்காத்லாந்தில் வளர்ந்தது. இம்மூன்றினாலும் மயக்க மருந்தே தேவைப்படாமற் போகும் குழந்தைகள் பலர். ஆயினும் கூழ் வரை எட்டி இரவில் வலி எழுப்பும் பல்லுக்கோ, சீழ் கட்டிய பல்லுக்கோ இவை போதா.

தாடையின் கீழும் கழுத்திலும் வீக்கம் பரவுதல், கண் மூடுமளவு கன்னம் வீங்குதல், வாயைத் திறக்கவோ விழுங்கவோ இயலாமை, காய்ச்சலோடு சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் பட்டியலில் குறித்த நாளுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மூச்சுக் குழாயை நெருக்கும் வீக்கத்தால் உயிருக்கே இறுதி நேரலாம்.

பட்டினியும் அதன் காரணமும்

மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் அடங்கிவிடுகின்றன. வயிற்றில் உணவிருந்தால் அது மேலெழுந்து நுரையீரலுள் புகக்கூடும். ஆதலின் திட உணவும் பசும்பாலும் ஆறு மணி நேரம் முன்னும், தாய்ப்பால் நான்கு மணி நேரம் முன்னும் நிறுத்தப்படுகின்றன. தெளிந்த நீரை இரண்டு மணி நேரம் முன்பு வரை தரலாம் என்பது நெடுங்கால வழக்கு. ஒரு மணி நேரம் வரையிலும் தரலாம் என்ற கருத்து அண்மையில் வலுப்பெற்று வருகின்றது. மருத்துவமனை எதைச் சொல்கின்றதோ அதுவே விதி. கஞ்சி, மோர், பால் சேர்த்த தேநீர் ஆகியவை நீராகா; உணவாகவே கொள்ளப்படும். இதனை எத்தனை முறை சொன்னாலும் மிகையாகாது.

உண்மையில் தவறு நேருமிடம் வேறு. குழந்தை பசியால் அழுகின்றது. பாட்டியின் மனம் பொறுக்கவில்லை. யாரும் காணாதபோது ஒரு பிஸ்கோத்தை வாயில் திணித்துவிடுகின்றாள். பின்னர், சிகிச்சை தள்ளிப்போகுமே, திட்டுவார்களே என்ற அச்சத்தால் அதை மறைத்துவிடுகின்றார்கள். உண்டதனால் வருவது ஒரு நாள் தாமதம் மட்டுமே. மறைத்ததனால் வருவது உயிருக்கு ஆபத்து. பணியாளர் முதல்நாளே வீட்டிற்குச் சென்று, தாயிடம் மட்டுமன்றிப் பாட்டியிடமும் அண்ணன் அக்காளிடமும் இதனைச் சொல்லுதல் வேண்டும். மறுபுறம், எச்சரிக்கை மிகுதியால் முதல்நாள் மாலை முதல் மறுநாள் நண்பகல் வரை ஒரு சொட்டு நீருமின்றி வாட வைக்கும் வீடுகளும் உண்டு. தாகத்தால் சோர்ந்த குழந்தைக்கு ஊசி குத்த நரம்பு கிடைப்பதும் அரிதாகிவிடும். இறுதி நீர் எத்தனை மணிக்கு என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் இரு தவறும் நேரா.

சளி, இருமல், காய்ச்சல் வந்திருந்தால் முன்னரே தெரிவிக்க வேண்டும். மூச்சுக் குழாய் எரிச்சலுற்றிருக்கும்போது மயக்குவது நன்றன்று. இதயக் கோளாறு, ஈளை, வலிப்பு, குருதி உறையாமை, குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்தினால் நேர்ந்த தொல்லை ஆகியவற்றை ஒளிக்காமல் கூற வேண்டும். ஆடும் பல் இருப்பின் அதனையும் காட்ட வேண்டும். வலிப்பு மருந்து உண்ணும் குழந்தை, அன்று காலை அதனை ஒரு வாய் நீருடன் உண்ணலாமா என்று முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் முறை.

மயக்கத்தின் போது

முகமூடி வழியாக ஆவியை நுகர்ந்த குழந்தை ஓரிரு நிமிடங்களில் உறங்குகின்றது. பெரும்பாலும் மூக்கின் வழியே மூச்சுக் குழாய் செலுத்தப்படுவதால், வாய் மருத்துவரின் வேலைக்கு முழுவதும் விடப்படுகின்றது. ஊடுகதிர்ப் படம் எடுப்பது, அடைப்பது, கூழின் மேற்பகுதியை நீக்கி மருந்திடுவது, எஃகு மூடி பொருத்துவது, காக்க இயலாதவற்றைப் பிடுங்குவது ஆகிய அனைத்தும் ஒரே வேளையில் நிகழ்கின்றன. நாற்காலியில் அமர்ந்த குழந்தைக்கு ஒரு மருத்துவர் அடைத்துப் பார்க்கலாம் என்று விட்டுவைக்கும் ஐயத்திற்குரிய பல்லை, இங்கே அவர் பிடுங்கியே விடுவார். இரண்டாம் முறை மயக்குவதைத் தவிர்ப்பதே இதன் நோக்கம். “ஐந்து பல் என்று சொல்லி ஏழைப் பிடுங்கிவிட்டார்” என்று பின்னர் வருந்தும் பெற்றோர்க்கு இதனை முன்பே விளக்கி, இசைவுத் தாளில் கையெழுத்திடும்போது கேட்டுத் தெளியுமாறு செய்ய வேண்டும்.

வீடு திரும்பிய பின்

பெரும்பாலோர் அன்று மாலையே வீடு திரும்புவர். இருவர் உடன் செல்வது நல்லது. பேருந்திலோ ஆட்டோவிலோ தூங்கிவழியும் குழந்தையின் மோவாய் மார்பில் படியுமாறு தலை கவிழ விடலாகாது, மூச்சு தடைப்படும். தொண்டை கரகரப்பு, ஒருமுறை வாந்தி, மூக்கில் சிறிது இரத்தம், எரிச்சலுடன் அழுகை ஆகியன அன்று இயல்பே. உமிழ்நீரில் கலந்த சிவப்பும் அஞ்சத்தக்கதன்று. துணியை மடித்துக் கடிக்கச் செய்து அரைமணி அழுத்தியும் செங்குருதி நில்லாது வருமாயின் திரும்ப வேண்டும். விடாத வாந்தி, கடுங்காய்ச்சல், மூச்சில் ஓசை ஆகியவையும் அவ்வாறே. மரத்த உதட்டைக் குழந்தை மென்றுவிடக்கூடும். உணர்வு மீளும் வரை ஒருவர் பார்த்திருத்தல் வேண்டும். வலிக்கு எடைக்கேற்ற அளவில் மருத்துவர் எழுதிய பாரசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடாது. ஆறிய பருப்புச் சோறு, தயிர்ச்சோறு, கிச்சடி ஆகியவற்றைத் தரலாம். மறுநாள் மிதிவண்டி, மரமேறுதல், கிணற்று நீச்சல் ஆகியவற்றிற்கு விடுமுறை. பள்ளிக்கும் ஓரிரு நாள் விடுமுறை தருவதில் ஆசிரியர் தடை சொல்லலாகாது.

தூரிகையை எப்போது எடுப்பது? அன்றிரவே எடுக்கலாம், பிடுங்கிய இடத்தை மட்டும் விட்டு, மற்றவற்றை மெல்லத் துலக்க வேண்டும். ஒருநாள் வரை பலமாகக் கொப்பளிக்க வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் ‘புண் ஆறட்டும்’ என்று தூரிகை ஒரு மாதம் பரணில் ஏறிவிடுகின்றது. அந்த ஒரு மாதத்தில் பழைய வழக்கம் திரும்பிவிடுகின்றது.

மயக்க மருந்தின் கீழ் முழுச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுள் கணிசமானோர்க்கு ஓரிரு ஆண்டுகளில் புதிய சொத்தை தோன்றுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. இதில் வியப்பொன்றும் இல்லை. மருத்துவர் நீக்கியது குழியை. அதை உண்டாக்கிய இரவுப் புட்டியும், பத்து வேளைத் தின்பண்டமும், தொடாத தூரிகையும் வீட்டிலேயே இருக்கின்றன. வலி நின்றுவிட்டதால் மறு பரிசோதனைக்கு வருவதும் நின்றுவிடுகின்றது. முதல் பரிசோதனை ஓரிரு வாரத்திலும், பின்னர் மூன்று மாதத்திற்கொருமுறையும் வேண்டும். அப்போது புளோரைடு வார்னிஷ் பூசுவர். எஃகு மூடியிட்ட பல்லுக்குத் துலக்கல் வேண்டாம் என்று எண்ணுவோர் பலர். மூடியும் ஈறும் சேருமிடத்திலேயே அழுக்குப் படிகின்றது.

பயணச் செலவும் ஒருநாள் கூலி இழப்பும் கண்டு வராதிருக்கும் குடும்பங்களைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழு பள்ளிக்கு வரும் நாளிலோ இப்பரிசோதனையை இணைத்துக்கொள்ளலாம். அத்திட்டத்தில் பற்சொத்தையும் கண்டறிய வேண்டிய நோய்களுள் ஒன்றாகவே உள்ளது. மயக்க மருந்தின் கீழ் சிகிச்சை பெற்ற குழந்தையின் பெயரை ஆசிரியர் தனியே குறித்து வைத்து, குழு வரும் நாளில் அக்குழந்தையை முதலில் காட்டுதல் எளிய செயல்.

மூளை வாதம், மனவளர்ச்சிக் குறைவு, தற்புனைவு நிலை ஆகியவற்றால் நாற்காலியில் அமர இயலாத குழந்தைகளுக்கு மயக்க மருந்து பலமுறை தேவைப்படலாம். அவர்களிடத்தே அன்றாடத் துலக்கலின் மதிப்பு இன்னும் மிகுதி. தாய் பின்னால் நின்று, குழந்தையின் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு துலக்கலாம். சிறு குழந்தையாயின் இருவர் முழங்கால் தொட எதிரெதிரே அமர்ந்து மடியில் கிடத்திக்கொள்ளலாம். தானே பிடிக்க விரும்பும் சிறுவனுக்குத் தூரிகையின் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கித் தரலாம். வலிப்பிற்கு பெனிட்டாயின் உண்பவர்க்கு ஈறு தடித்து வளர்வதுண்டு. அழுக்கில்லா வாயில் அவ்வளர்ச்சி குறைவாகவே இருக்கும். நாள்தோறும் உண்ணும் பாகு மருந்திற்குச் சர்க்கரையற்ற வகை உண்டா என்றும் கேட்கலாம்.

நான்கு வயதில் சிகிச்சை பெற்ற குழந்தை ஆறு வயதை எட்டும்போது, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே புதிய கடைவாய்ப் பல் ஒன்று தாடைக்கு இரண்டாக முளைக்கின்றது. விழாமல் வந்தமையால் இதனையும் பால் பல்லென்றே பெற்றோர் கருதிவிடுகின்றனர். ஆழ்ந்த பள்ளங்களையுடைய இப்பல், முளைத்த முதல் ஆண்டிலேயே சொத்தைக்கு இலக்காகின்றது. முதல் வகுப்பு ஆசிரியர், அக்குழந்தையை வாய் திறக்கச் சொல்லி, இருபுறமும் கோடியில் அகன்ற புதுப்பல் தலைகாட்டுகிறதா என்று பார்த்து, கண்டவுடன் பள்ளங்களை மூடும் பூச்சிற்காகப் பல் மருத்துவரிடம் அனுப்பி வைக்க வேண்டும்.